மூன்று காட்சிகளுக்கு எந்த இசை நாடகம்? மும்பைத் தமிழ்க் குழு ஒன்றின் உரிமக் கணக்கு

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க இசைக்குறிப்புத் தாள்கள் கிடந்தன. நானும் என் நாத்தனாரும் ஆளுக்கொரு ரப்பரை எடுத்துக்கொண்டு அவற்றிலிருந்த பென்சில் குறிகளை அழித்துக்கொண்டிருந்தோம். எங்கள் நாடகக் குழுவின் இளைஞர்கள் ஆங்கிலத்தில் நடித்த அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக வாடகைக்கு வந்த தாள்கள் அவை. வயலின்காரர் ஒருவர் ஒரு வரிக்கு மேலே தமிழில் ‘இங்கே பொறு, அவள் மூச்சு வாங்கட்டும்’ என்று எழுதி வைத்திருந்தார். அதையும் அழித்தேன். தாள்கள் வந்தபடியே, குறித்த தேதிக்குள், எங்கள் செலவில் கூரியரில் திரும்பிப் போக வேண்டும். ஒரு புத்தகம் குறைந்தாலும் டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள் என்பது ஒப்பந்தம்.

இந்த ஆண்டு குழு மறுபடியும் ஓர் இசை நாடகம் போட முடிவு செய்தது, இம்முறை தமிழில். மூன்று காட்சிகள், ஏறக்குறைய 500 இருக்கைகள் உள்ள அரங்கு, 300 ரூபாய் டிக்கெட். எதைப் போடலாம், அதற்கு யாரிடம் என்ன அனுமதி வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு செயலாளர் என்ற முறையில் எனக்கு வந்தது. இரண்டு மாதம் ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டெல்லியிலோ பெங்களூரிலோ இதே யோசனையில் இருக்கும் தமிழ்க் குழுக்களுக்கும் இது உதவும். சட்டம் ஒன்றுதான்; மேடை அனுமதி விதிகள்தான் ஊருக்கு ஊர் மாறும்.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. வெளிநாட்டு இசை நாடகத்துக்கு உரிமம் வாங்கித் தமிழில் போடுவது, சினிமாப் பாட்டுகளைக் கோத்து ஒரு நாடகம் கட்டுவது, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய இசை நாடகத்தை எடுப்பது, புதிதாக எழுதி இசையமைக்கச் சொல்வது.

வெளிநாட்டு உரிமத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் இளைஞர்கள் விரும்பியது அதைத்தான். நியூயார்க்கில் 1952-இல் தொடங்கிய மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், சாமுவேல் ஃபிரெஞ்ச் போன்ற பழைய நிறுவனங்கள் ஒன்றாகி 2018-இல் உருவான கான்கார்ட் தியேட்ரிகல்ஸ் ஆகியவை இதே வேலையாக இருப்பவை. வசனம் எழுதியவர், பாடல் எழுதியவர், இசையமைத்தவர் எல்லோருடைய மேடை உரிமையும் இவர்கள் வழியாகக் கிடைக்கிறது. இருக்கைகள் எத்தனை, டிக்கெட் என்ன விலை, எத்தனை காட்சி, நடிப்பவர்கள் சம்பளத்துக்கு நடிப்பவர்களா இல்லையா என்று கேட்டு, அதை வைத்துத்தான் தொகை சொல்வார்கள். அமெச்சூர் குழுவுக்குப் பொதுவாகக் காட்சிக்கு இவ்வளவு என்று கணக்கு. தொழில்முறைக் குழுவென்றால் வசூலில் ஒரு பங்கு. ஆகவே தோராயமான விவரங்களோடு முதலிலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். உரிமம் கைக்கு வருவதற்கு முன் விளம்பரம் செய்வதை ஒப்பந்தம் அனுமதிக்காது. அதே நாடகத்தோடு பெரிய தொழில்முறைக் குழு ஒன்று நம் வட்டாரத்துக்கு வரவிருந்தால் நமக்கு இல்லை என்று சொல்லிவிடவும் கூடும்.

ராயல்டியோடு செலவு நிற்காது. பிரதிகளின் வாடகை தனி, டெபாசிட் தனி. வாத்தியக்காரர்கள் இல்லையென்றால் பதிவு செய்த பின்னணி இசைக்குக் கட்டணம் தனி. நம் வீட்டுக் குழந்தைகள் நடித்ததை வீடியோ எடுக்கவும் தனி அனுமதி வேண்டும். சில நாடகங்களுக்கு அந்த அனுமதி தரவே மாட்டார்கள். பணம் நாட்டை விட்டுப் போவதால் வரிப் பிடித்தமும் உண்டு. வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ராயல்டிக்கான வரி 2023-இல் பத்து சதவீதத்திலிருந்து இருபதாக உயர்ந்தது. அமெரிக்காவோடு நமக்குள்ள வரி உடன்படிக்கையின்படி அது பதினைந்து ஆகலாம். ஆனால் அதற்கு அவர்களிடமிருந்து சான்றிதழ்கள் வாங்க வேண்டும். நிறுவனம் ‘எங்களுக்கு முழுத் தொகை வர வேண்டும்’ என்று சொன்னால் அந்த வரியும் நம் தலையில் விழும். போன முறை எங்கள் வரவு செலவில் துண்டு விழுந்தது இந்த இடத்தில்தான்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பெரிய தடையாக நின்றது மொழி. உரிமம் என்பது இருக்கிற பிரதியை இருக்கிறபடி நடிப்பதற்கு. ஒரு சொல்லை மாற்றவும், பாட்டை முன்னே பின்னே நகர்த்தவும் எழுத்தில் அனுமதி வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் அது தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. அனுமதி கிடைத்தாலும், நாம் உழைத்துச் செய்த தமிழ்ப் பிரதியின் உரிமை பெரும்பாலும் அவர்களுக்கே போய்விடும்.

அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பாடலாசிரியர் சோதனைக்காக ஒரு பாட்டை எடுத்து, மெட்டை அசைக்காமல் தமிழ் வார்த்தைகளை உட்கார்த்திப் பார்த்தார். மெட்டில் ஓரிடத்தில் சுரம் மூன்று மாத்திரை நீண்டு நிற்கிறது. பொருளுக்குச் சரியாக அவர் அங்கே வைத்த சொல் ‘விடு’. பாடிப் பார்த்தால் ‘வீடு’ என்று கேட்கிறது. ‘என்னை விடு’ என்று கெஞ்ச வேண்டிய பெண் ‘என்னை வீடு’ என்று பாடுகிறாள். ‘கலை’யைப் போட்டால் ‘காலை’ ஆகிறது, ‘படம்’ போட்டால் ‘பாடம்’ ஆகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் சரியான அசையில் விழுந்தால் போதும். நமக்குக் குறில் நெடிலில் பொருளே மாறிவிடும். தமிழில் பாட்டுக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில் மெட்டைச் சற்று வளைப்பார்கள், அல்லது நெடில் வரும் சொல்லைத் தேடுவார்கள். மெட்டை வளைக்க ஒப்பந்தம் இடம் தராது. சொல்லைத் தேடலாம், இருபது பாட்டுகளுக்குத் தேட ஆறு மாதம் ஆகும் என்றார் அவர். எங்களிடம் ஒத்திகையும் சேர்த்து எட்டு மாதம்தான் இருந்தது.

மகாராஷ்டிரத்தில் இன்னொரு படி உண்டு. நாடகப் பிரதியை முன்கூட்டியே அரசின் நாடகப் பரிசீலனை வாரியத்திடம் கொடுத்துச் சான்றிதழ் பெற வேண்டும். வாரியம் ஒரு வரியை நீக்கச் சொன்னால், நியூயார்க்கோ மாற்றக் கூடாது என்று சொன்னால், நடுவில் நிற்பது நாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். அந்தப் பணத்துக்கு அவர்கள் தருவது ஆயிரம் மேடைகளில் சோதித்துத் தேறிய படைப்பு. எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, காட்சி மாற எத்தனை நொடி இசை வேண்டும் என்பது வரை எல்லாம் எழுதியிருக்கும். எங்கள் இளைஞர்கள் அந்த ஆங்கில நாடகத்தில் கற்ற ஒழுங்கை வேறெங்கும் கற்றிருக்க மாட்டார்கள். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், அவர்கள் இறந்திருந்தால் பிள்ளைகளுக்கும், ஒவ்வொரு காட்சிக்கும் பணம் போய்ச் சேருகிறது. தமிழ் மேடையில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் முதுமையில் கைச்செலவுக்குத் திண்டாடிய எத்தனையோ நாடகாசிரியர்கள் பிழைத்திருப்பார்கள். ஆங்கிலத்திலேயே போடுவதென்றால், அதிலும் பிள்ளைகளை வைத்துப் போடுவதென்றால், ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய சிறுவர் பதிப்புகள் இருக்கின்றன. தயங்காமல் வாங்குங்கள்.

சினிமாப் பாட்டுக்கு வருகிறேன். எந்தத் தமிழ்க் குழுவும் முதலில் இதைத்தான் நினைக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) கைப்பேசியிலேயே கிடைக்கிறது, கூட்டம் கைதட்டும். என் அனுபவத்தில் நான்கு வழிகளில் ஆபத்து மிகுந்தது இதுதான், ஏனென்றால் இது இலவசம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பாட்டுக்குள் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மேடையில் நேரடியாகப் பாடினால் முதல் இரண்டும், டிராக் போட்டால் மூன்றாவதும் வந்து நிற்கும். மெல்லிசைக் கச்சேரிக்கு, பாடலாசிரியர்கள் இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்திடம் உரிமம் வாங்கலாம். ஆனால் பாத்திரம் ஒன்று கதையின் போக்கில் அந்தப் பாட்டைப் பாடுவதை நாடகப் பயன்பாடு என்று உலகெங்கும் தனியாகவே பார்க்கிறார்கள். அந்த அனுமதியை உரிமையாளரிடமே நேராகக் கேட்பதுதான் வழக்கம். கச்சேரி உரிமம் நாடகத்துக்கும் போதும் என்று எண்ணிக்கொண்டு அரங்குக்குப் போகாதீர்கள். நாங்கள் போனோம்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், பதினொரு பழைய பாட்டுகளை வைத்து ஒரு குடும்ப நாடகம் தயார் செய்திருந்தோம். காட்சிக்கு நான்கு நாள் முன்பு அரங்கு நிர்வாகம் உரிமத்தைக் காட்டச் சொன்னது. கேட்டதில் தவறில்லை, லாபத்துக்காக இடம் கொடுப்பவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. நாங்கள் காட்டிய தாள் கச்சேரிக்கானது என்றார்கள். பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம், பதிலே வரவில்லை. கடைசியில் விற்ற டிக்கெட்டுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இலவசக் காட்சியாக, டிராக் இல்லாமல், ஒரு ஹார்மோனியத்தையும் தபலாவையும் வைத்துக்கொண்டு போட்டோம். அரங்க வாடகை எங்கள் கையைவிட்டுப் போனது.

இலவசக் காட்சிக்கு ஏன் மாறினோம் என்றால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் அமெச்சூர் மன்றங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பார்வையாளர்கள் பணம் கொடுக்காத காட்சியாகவோ சமய நிறுவனம் ஒன்றின் நலனுக்கான காட்சியாகவோ இருந்தால், அந்த மேடையேற்றம் உரிமை மீறல் ஆகாது. பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்த்தால் அதற்கும் விலக்கு உண்டு. ஆனால் இதை இழுத்து நீட்டக் கூடாது. ‘நன்கொடை அட்டை’ என்று பெயர் வைத்து 300 ரூபாய் வாங்கினால் அது டிக்கெட்தான் என்பது என் கருத்து. எங்கள் வழக்கறிஞரும் அதையே சொன்னார். விலக்கு நடிப்பதற்கு மட்டும். அதைப் படமெடுத்து யூடியூபில் போடுவதற்கு இல்லை.

சினிமாவை முறையாக மேடைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு இந்த ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016-இல் மும்பையில் மேடையேறிய ‘முகலே ஆசம்’ இசை நாடகத்தைத் தயாரித்தவர்களில் ஷாபூர்ஜி பல்லோன்ஜி நிறுவனமும் உண்டு; 1960-இல் வந்த படத்துக்குப் பணம் போட்டதும் அவர்கள்தான். உரிமை அவர்கள் கையிலேயே இருந்தது. நம் கையில் இல்லை.

காலம் முடிந்த படைப்புகளை எடுப்பதில் எனக்குத் தனிப்பட்ட ஆசை உண்டு. இந்தியாவில் ஓர் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். அதன்பின் யாரும் எடுக்கலாம். பழைய தமிழ் இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற அவர் நாடகங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் மறைந்தது 1964-இல். 2024 முடிவோடு அவர் நாடகங்களின் காலமும் முடிந்தது. ஆனால் கவனம் வேண்டும். அவருடைய ‘மனோகரா’ நாடகத்தை எடுக்கலாம். 1954-இல் வந்த படத்துக்குக் கருணாநிதி எழுதிய வசனத்தை, அதன் உரிமை நிலையைத் தனியாகப் பார்க்காமல் அதோடு சேர்த்து எடுக்கக் கூடாது. நாடகத்தைத் தேடி வருகிறவர்கள் மனத்தில் இருப்பது அந்த வசனம்தான் என்பதால் இந்தத் தவறு எளிதாக நேரும்.

சுவாமிகளின் பிரதியைக் கையில் எடுத்து ஒருநாள் முழுவதும் உட்கார்ந்து படித்தேன். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் சில பாட்டுகளுக்கு மேலே ‘பார்சி மெட்டு’ என்று குறித்திருப்பார்கள். மும்பையிலிருந்து தெற்கே போன பார்சி நாடகக் குழுக்கள் தமிழ் மேடையில் விட்டுவிட்டு வந்த மெட்டுகள் அவை. அந்த மெட்டுகளை மும்பைத் தமிழர்கள் மாட்டுங்காவில் மறுபடியும் பாட வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் இந்த நாடகத்தின் உயிர் அச்சுப் பிரதியில் முழுதாக இல்லை. நாயகனாக வரும் ராஜபார்ட்டும் நாயகியாக வரும் ஸ்திரீபார்ட்டும் ஹார்மோனியக்காரரும் விடிய விடிய மேடையிலேயே தர்க்கத்தை வளர்த்துக்கொண்டு போவதில் இருக்கிறது. மதுரைப் பக்கத்து நடிகர்களுக்கு அது கைவந்த கலை. எங்கள் குழுவில் மேடையில் நின்று பாடக்கூடியவர்கள் மூன்று பேர். செம்பூரிலும் முலுண்டிலும் கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் ராகத்தை அழகாகப் பாடுவார்கள், ஆனால் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேராது. ஓராண்டுப் பயிற்சி இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். பாடத் தெரிந்த குழு உங்களிடம் இருந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். உரிமச் செலவே இல்லை. மிச்சமாகும் பணத்தில் மதுரையிலிருந்து ஒரு ஹார்மோனிய ஆசானை ஒரு மாதம் தங்க வைத்துப் பயிற்சி கொடுக்கலாம்.

காலக்கணக்கு பார்க்கும்போது மேல்நாட்டுப் படைப்புகளிலும் ஒரு வழி திறக்கிறது. பெர்னார்ட் ஷா 1950-இல் இறந்தார். பேச்சை வைத்து மனிதர்களைத் தரம் பிரிக்கும் சமூகத்தைப் பற்றிய அவருடைய ‘பிக்மேலியன்’ இந்தியாவில் 2011 முதல் எல்லோருக்கும் பொது. அதிலிருந்து 1956-இல் பிறந்த ‘மை ஃபேர் லேடி’ பொது அல்ல. பாடல் எழுதியவர் 1986-இலும் இசையமைத்தவர் 1988-இலும்தான் மறைந்தார்கள். ஷாவின் நாடகத்தை எடுத்துத் தமிழாக்கி நம் பாட்டுகளைப் போடலாம். அந்த இசை நாடகத்தின் ஒரு மெட்டைக்கூடத் தொடக் கூடாது. மராத்தியில் பு.ல. தேஷ்பாண்டே இதே நாடகத்தை ‘தீ ஃபுலராணி’ என்று எழுதி இந்த ஊரே கொண்டாடியது. தாராவியின் திருநெல்வேலிப் பேச்சும் செம்பூரின் பாலக்காட்டுப் பேச்சும் ஒரே ரயிலில் போகும் ஊர் இது. தமிழில் ஒருவர் இதை எழுத வேண்டும். மராத்திப் பிரதியிலிருந்து எழுதினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசி வழி, பொதுவான கதை ஒன்றை எடுத்துப் புதிதாகப் பாட்டும் இசையும் எழுதச் சொல்வது. குழு தேர்ந்தெடுத்தது இதைத்தான். நான் பரிந்துரைத்ததும் இதையே. கதை, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. அவர் 1948-இல் மறைந்தார். 2002-இலேயே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமையாக்கிவிட்டது. சென்னையின் பிராட்வே முனையில் தொடங்கும் கதை. பூலோகத்துக்கு வந்த கடவுள் பிழைப்புக்காக ஆடிக் காட்டியும் அவரை யாரும் ஏற்பதில்லை. ஆட்டமும் பாட்டும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. உரிமத் தடை இல்லாததால் பிள்ளையவர்களை மும்பையின் கிங்ஸ் சர்க்கிளுக்குக் குடி மாற்றவும் முடிந்தது. ஆசிரியர் பெயரைத் தெளிவாகப் போடுவதும் கதையைச் சிதைக்காமல் இருப்பதும் காலம் முடிந்த பிறகும் நம் கடமை.

இந்த வழியில் குழுக்கள் தவறுவது ஒப்பந்தத்தில். பணம் கொடுத்து இசையமைக்கச் சொன்னதாலேயே இசை நமக்குச் சொந்தமாகிவிடாது. எழுதிக் கொடுக்காதவரை அது இசையமைப்பாளருடையது. எழுதும்போது எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த ஊர்கள், என்ன தொகை என்று எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிட்டு, பிறகு முகம் பார்க்க முடியாமல் போன இரண்டு குழுக்களை எனக்குத் தெரியும்.

எங்கள் இசையமைப்பாளர் முலுண்டைச் சேர்ந்த இளம் பெண். அவருக்கு 60,000 ரூபாய், பாடலாசிரியருக்கு 25,000, அதற்கு மேல் ஒவ்வொரு காட்சியின் வசூலிலும் இருவருக்கும் சேர்த்து எட்டு சதவீதம். இசை அவர்களுக்கே சொந்தம். மூன்று ஆண்டுகளுக்கு மேடையேற்றும் உரிமை எங்களுக்கு. போன வாரம் ஒத்திகையில் முதல் பாட்டு வந்தது. அதில் ‘விடு’ என்ற சொல் வருகிறது. இசையமைப்பாளர் அந்தச் சுரத்தை அங்கேயே வெட்டி, நீட்ட வேண்டிய நீட்டத்தை அடுத்து வரும் ‘சாமி’யின் முதல் எழுத்துக்குத் தள்ளிவிட்டார். பாடிய பையன் மூன்றாம் முறை பாடியபோது அறையில் யாரும் பேசவில்லை.

மொத்தச் செலவு போன முறை ஆங்கில நாடகத்துக்கு ஆனதைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன்; ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் நான்காவது காட்சியைப் போட யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம், படம் எடுக்க வெளிநாட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டாம், வரிப் பிடித்தத்துக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் தேட வேண்டாம். டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டாததால் நாடகக் காட்சிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வாரியத்திடம் பிரதியைக் கொடுக்கும் வேலை மட்டும் எல்லா வழிக்கும் பொது. அதற்குக் காட்சி தேதிக்கு நன்றாக முன்பே நாள் ஒதுக்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் இசையமைப்பாளர் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னார். வேறு ஊர்த் தமிழ்க் குழு கேட்டால் என்ன செய்வது என்பது அது. காட்சிக்கு 3,000 ரூபாய், அதில் பாதி குழுவுக்கு, மீதிப் பாதி அவர்கள் இருவருக்கும் என்று முடிவு செய்தோம். வசனத்தை அந்தந்த ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாட்டை மாற்றுவதானால் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். பிரதியும் இசைக்குறிப்பும் மார்கழிக்குள் தயாராகிவிடும். எடுத்துப் போகிறவர்கள் பென்சில் குறிகளோடு திருப்பி அனுப்பினாலும் வாங்கிக்கொள்வோம்.